சிலுவைப் போர்க் காலத்து காசு: ரெண்டு பக்கமும் சேர்த்து சேகரிக்கணும், எங்க ஆரம்பிக்கலாம்?

வெள்ளிக்காசு:
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா விஜயநகர், மதுரை சுல்தான், கம்பெனி காசுன்னு நம்ம பக்கத்துலயே சுத்திட்டு இருந்தேன், இப்ப புதுசா ஒரு தீம் எடுக்கலாம்னு ஆசை. 1098ல அந்தியோகியா விழுந்ததுல ஆரம்பிச்சு 1291ல அக்கோ கோட்டை போற வரைக்கும், கிட்டத்தட்ட 200 வருஷம், அந்த சிரியா, பாலஸ்தீன மண்ணுல புழங்குன காசு. ஆனா கிறிஸ்தவ ராஜாக்கள் காசு மட்டும் இல்ல, எதிர்ப்பக்கம் எகிப்து, சிரியாவ ஆண்ட அய்யூபி, மம்லூக் சுல்தான்கள் காசும் அதே ட்ரேல பக்கத்துல பக்கத்துல இருக்கணும். ஒரு காசுக்கு பத்து பதினஞ்சாயிரம் வரைக்கும் போக முடியும், தங்கம்லாம் நமக்கு கட்டாது. எதை முதல்ல வாங்கலாம், எதுல ஏமாத்துறாங்க, அரபி எழுத்து படிக்கத் தெரியாம இந்தப் பக்கம் வரலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தோஹா_தமிழன்:
வாங்க சார், நல்ல தீம். கண்ண மூடிட்டு முதல் காசு அந்தியோகியா பில்லன் (வெள்ளி-செம்பு கலப்பு) டெனியர்ங்கிற சின்னக் காசு வாங்குங்க, ஹெல்மெட் டைப்னு சொல்லுவாங்க. அடிச்சது அந்தியோகியா இளவரசர் மூணாம் பொஹிமண்ட், 1163ல இருந்து 1201 வரைக்கும் இருந்தவர். ஒரு பக்கம் இரும்பு வலைக் கவசமும் தலைக்கவசமும் போட்ட வீரன் இடது பக்கம் பாத்த மாதிரி, கவசத்துல சின்ன சிலுவை, முகத்துக்கு ரெண்டு பக்கமும் பிறையும் நட்சத்திரமும். சுத்தி BOAMVNDVSன்னு லத்தீன் எழுத்துல இருக்கும், அதை நம்ம எழுத்துல சொன்னா பொஆமுன்டுஸ். பின்பக்கம் சிலுவை, சுத்தி அந்தியோகியான்னு ஊர் பேரு. எடை ஒரு கிராமுக்கு கொஞ்சம் கீழ, அகலம் 17, 18 மில்லிமீட்டர். வெள்ளி கம்மி, செம்பு கலப்பு ஜாஸ்தி. இந்தக் காலத்துக் காசுலயே அதிகமா கிடைக்கிறது இதான், உங்க பட்ஜெட்டுக்குள்ளயே முகம் தெளிவா இருக்கிற பீஸ் கிடைச்சிடும்.

பிறையப் பாத்துட்டு நிறைய பேரு இது முஸ்லிம் காசுன்னு குழம்புறாங்க. அந்தக் காலத்துல பிறையும் நட்சத்திரமும் எந்த மதத்துக்கும் தனி அடையாளம் இல்ல, ரோமாபுரி காலத்துல இருந்தே அந்தப் பக்கத்துக் காசுல வர்ற சின்னம்.

இதுக்கு ஜோடியா என்ன வைக்கலாம்னா மம்லூக் சுல்தான் பைபர்ஸோட வெள்ளி திர்ஹம். அடியில நடந்து போற சிங்கம் இருக்கும், அது பைபர்ஸோட சொந்த முத்திரை. 1268ல அந்தியோகியாவ அடிச்சு முடிச்சது அவர்தான், அதுக்கப்புறம் அந்த ஊரு பழைய நிலைமைக்கு வரவே இல்ல. இந்த ரெண்டு காசயும் பக்கத்துல வச்சா 170 வருஷக் கதை வந்துடும். ரெண்டுமே வாங்குற விலைதான்.

கரிசல்காட்டான்:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், ஆனா மனசுல பட்டத சொல்றேன். இந்தக் காலத்துல மதச் சண்டைய தீமா வச்சு காசு சேர்க்கணுமா? 1099 ஜூலைல ஜெருசலேம் விழுந்தப்ப ஊருக்குள்ள இருந்த முஸ்லிம்களயும் யூதர்களயும் வெட்டிக் கொன்னது எல்லா பக்கத்து எழுத்துலயும் இருக்கு. அதை "ஹெல்மெட் டைப், முகம் தெளிவு"ன்னு பேசுறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வெளிநாட்டு குரூப்கள்ல இந்தக் காசுகள வச்சு "எங்க வீரர்கள்"னு பெருமை பேசுறவங்களயும் பாத்திருக்கேன். வெள்ளிக்காசு அண்ணே அப்படிப்பட்டவர் இல்லன்னு தெரியும், இருந்தாலும் கேக்கணும்னு தோணுச்சு.

காயல்_கரை:
கரிசல் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நான் மதரஸாவுல ஓதினவன், அரபி எழுத்து படிக்க வரும், அதனாலதான் இந்தக் காசு பக்கமே வந்தேன். என்னய ரொம்ப யோசிக்க வச்சது சிலுவைப் படைக்காரங்க அடிச்ச தங்கக் காசு. அதுக்கு பெசன்ட்னு பேரு. ஜெருசலேம் ராஜ்யத்துலயும் திரிப்போலியிலயும் அவங்க சொந்தமா டிசைன் எதுவும் பண்ணல, எகிப்து பாத்திமி கலீஃபாக்களோட தினார அப்படியே காப்பி அடிச்சாங்க. அக்கோ பக்கம் கலீஃபா ஆமிரோட தினார், திரிப்போலி பக்கம் முஸ்தன்ஸிரோட தினார். கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி), நபியவங்க பேரு, கலீஃபா பேரு எல்லாம் அதுல இருக்கு! எழுத்து தெரியாத கைவினைஞன் பாத்து வரைஞ்ச மாதிரி போகப் போக எழுத்து சிதைஞ்சுட்டே வரும், சிலதுல ஒரு வார்த்தை கூட முழுசா படிக்க முடியாது. தங்கத்தோட தரமும் ஒரிஜினல விட குறைவு. ஆமிரோட தினார்ல நடுவுல "மிக உயர்ந்த தரம்"னு அரபியில எழுதியிருக்கும், இவங்க கலப்புத் தங்கத்துல அதையும் சேர்த்தே காப்பி பண்ணியிருக்காங்க.

ஏன் இப்படின்னா சந்தை. டமாஸ்கஸ் வியாபாரியும் கெய்ரோ வியாபாரியும் தினாரத்தான் வாங்குவான், சிலுவை போட்ட தங்கத்த கொண்டு போனா உரசிப் பாத்து தள்ளி வச்சிடுவான். நூறு வருஷத்துக்கும் மேல இது நடந்திருக்கு. கடைசியில பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி கூட வந்த போப்போட தூதர் இதைப் பாத்து அதிர்ச்சியாகி தடை போட்டு போப்புக்கு எழுதுறாரு, போப் நாலாம் இன்னொசென்ட் அதை உறுதி பண்றாரு. அந்தத் தடையால 1251ல அக்கோவுல புதுசா அடிக்கிறாங்க. இப்பவும் அரபிதான்! ஆனா நடுவுல சின்ன சிலுவை, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஒரே கடவுள்"னு அரபியில, இன்னொரு பக்கம் ஒரே கடவுள், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம்னு, ஓரத்துல அக்கோவுல அடிச்சது, மஸீஹ் அவதரிச்சு 1251வது வருஷம்னு. இந்த வாசகம் இருக்கிறது வெள்ளி திர்ஹம்ல. எழுத்து அழகு, தெளிவு, எழுதினவனுக்கு அரபி நல்லா தெரியும்னு பாத்த உடனே சொல்லிடலாம். போப் தடை போட்டும் மொழிய விட முடியல பாருங்க, ஏன்னா வாங்குறவன் அரபி படிக்கிறவன்.

அதனால தம்பி, இந்தக் காசுகள மதப் பெருமைக்கு வச்சிருக்கிறவன் அதுல என்ன எழுதியிருக்குன்னே படிக்காதவன். வெட்டுக்குத்து நடந்தது உண்மை, அதை மறைக்க வேணாம். ஆனா சண்டை போட்ட அதே கைதான் எதிரியோட கலிமாவ தங்கத்துல அடிச்சு வியாபாரம் பண்ணியிருக்குங்கறதும் உண்மை, அதையும் சேர்த்து வச்சுக்கணும்.

வெள்ளிக்காசு:
காயல் பாய், இந்த ஒரு போஸ்ட்டுக்காகவே இந்த இழைய ஆரம்பிச்சது வீண் போகல. கரிசல் தம்பி, ஒரு பக்கத்து காசு மட்டும் வச்சா நீங்க பயப்படுற மாதிரிதான் ஆகும், அதனாலதான் ஆரம்பத்துலயே ரெண்டு பக்கமும் சேர்த்துன்னு சொன்னேன். தங்கம் வேணாம், ஆனா அந்த 1251 வெள்ளி திர்ஹம் நம்ம கைக்கு எட்டுமா?

தோஹா_தமிழன்:
சார், சிலுவையும் வருஷமும் தெளிவா இருக்கிற திர்ஹம் உங்க பட்ஜெட்டுக்கு மேல போகும், பொறுமையா இருந்தா ஓரம் தேஞ்ச பீஸ், இல்ல அரை திர்ஹம் மாட்டலாம். அதுக்கு முன்னாடி 1240கள்ல டமாஸ்கஸ ஆண்ட அய்யூபி மன்னர் சாலிஹ் இஸ்மாயிலோட திர்ஹத்த காப்பி அடிச்சு அக்கோவுல விட்டாங்க, அது இன்னும் சல்லிசு. ஒரிஜினலயும் காப்பியயும் ஜோடியா வைக்கலாம். ஆனா பிரிச்சுப் பாக்க கண்ணு பழகணும், விக்கிறவனுக்கே பல நேரம் தெரியாது.

டொரான்டோ_செல்வி:
எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்துல எனக்கு மாத்துக் கருத்து இருக்கு. நீங்க பேசுறதுல முக்கால்வாசி போர்க் காசே கிடையாது. பொஹிமண்ட் டெனியர் சும்மா அன்றாடக் காசு, ரொட்டி வாங்க, வரி கட்ட. அமால்ரிக் ராஜா பேருல இருக்கிற ஜெருசலேம் டெனியர், பின்பக்கம் திருக்கல்லறைக் கோயிலோட வட்டக் கூடம் இருக்குமே, அது அவர் 1174ல செத்ததுக்கு அப்புறமும் அதே பேருல பல வருஷம் அடிச்சிருக்காங்க. அதை ஏலக்காரங்க, 1187ல சலாஹுத்தீன் ஜெயிச்ச போர வச்சு "ஹத்தீன் போர்க்கள நாணயம்"னு தலைப்பு போட்டு விக்கிறாங்க. டெம்ப்ளர் காசுன்னு ஒண்ணு விக்கிறாங்க பாருங்க, அதை கண்டாலே எனக்கு கோவம் வரும், டெம்ப்ளர்கள்ங்கிற துறவி வீரர் சபை சொந்தமா காசு அடிக்கவே இல்ல. அதே மாதிரி இன்னொரு சபையான ஹாஸ்பிட்டலர்கள்தான் அடிச்சாங்க, அதுவும் பின்னாடி ரோட்ஸ் தீவுக்கும் மால்டாவுக்கும் போனதுக்கு அப்புறம்.

உண்மையான போர்க் காசு வேணும்னா முற்றுகைக் காசு பாருங்க. உள்ள மாட்டுனவன் கையில வெள்ளி இல்லாம, சிப்பாய்க்கு சம்பளம் குடுக்க வழி இல்லாம, அவசரமா அடிச்சது.

1187ல அய்யூபி சுல்தான் சலாஹுத்தீன் (சலாடின்) ஜெருசலேம வளைச்சப்ப, உள்ள இருந்து ஊர காத்த பிரபு பாலியனும் தலைமை குருவான பேட்ரியார்க்கும் திருக்கல்லறை மேல போட்டிருந்த வெள்ளித் தகட்ட பிரிச்சு காசா அடிச்சு வீரர்களுக்கு குடுத்தாங்கன்னு அந்தக் கால வரலாறு சொல்லுது. ஒரு பக்கம் தாவீது கோபுரம், மறு பக்கம் கல்லறைக் கோயில் இருக்கிற பேரில்லாத டெனியர் ஒண்ணு அந்த நேரத்துக் காசுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. கைக்கெட்டாத அபூர்வம், மியூசியம் படத்துல பாத்துக்கலாம்.

அடுத்து 1529 வியன்னா. துருக்கி சுல்தான் சுலைமான் படை வெளிய நிக்குது, உள்ள ஆஸ்திரியாவ ஆண்ட ஃபெர்டினாண்ட் பேருல தங்கத்துலயும் வெள்ளியிலயும் சதுரமா வெட்டின காசு, துருக்கர் வியன்னாவ வளைச்சாங்கன்னு வருஷத்தோட ஜெர்மன்ல எழுதியிருக்கும். பின்னாடி வந்த நகல் ஏராளம், ஜாக்கிரதை.

1565 மால்டாதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. துருக்கியர் வளைச்சப்ப ஹாஸ்பிட்டலர் தலைவரான கிராண்ட் மாஸ்டர் லா வலெட் செம்புல தாரி காசு அடிச்சு வெள்ளி மதிப்புக்கு புழங்க விட்டாரு. பின்பக்கம் கை குலுக்குற ரெண்டு கை, லத்தீன்ல "செம்பல்ல, நம்பிக்கை"ன்னு வாசகம். முற்றுகை முடிஞ்சு புது தலைநகரம் கட்டுறப்பவும் இந்த செம்புக் காசுதான் ஓடுச்சு. இது கிடைக்கும், தேஞ்சு போன பீஸ் உங்க விலைக்குள்ளயே வரும்.

1570 சைப்ரஸ், துருக்கியர் வளைச்ச ஃபமகுஸ்தா கோட்டை. வெனிஸ்காரங்க செம்புல அடிச்ச பெசன்ட், ஒரு பக்கம் புனித மாற்குவோட சிறகு வச்ச சிங்கம், இன்னொரு பக்கம் வெனிஸ்காரர் வாக்கு மீறப்படாததுன்னு லத்தீன். முற்றுகை முடிஞ்சதும் இதுக்கு ஈடா நல்ல காசு தர்றோம்ங்கறது கணக்கு. 1571 ஆகஸ்ட்ல கோட்டை சரணடைஞ்சது, தளபதி பிராகதீனோவ தோல உரிச்சுக் கொன்னாங்க, அந்த வாக்க காப்பாத்த ஆளே இல்லாம போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அக்டோபர் 7, துருக்கிக் கடற்படை தோத்த லெபான்டோ கடல் போர். இந்தக் காச கையில வச்சுப் பாக்குறப்ப தொண்டை அடைக்கும். போர்க் காசுன்னா எனக்கு இதுதான்.

தோஹா_தமிழன்:
செல்வி அக்கா சொல்றதுல பாதிய ஏத்துக்கிறேன், மீதிய ஏத்துக்க மாட்டேன். முற்றுகைக் காசு மட்டும்தான் போர்க் காசுன்னா நாலஞ்சு காசோட தீம் முடிஞ்சு போகும், அதுவும் உள்ள மாட்டுனவன் குரல் மட்டும்தான் கேக்கும். வெளிய நின்னவன் முற்றுகைக் காசு அடிக்க மாட்டான், அவனுக்கு வழக்கமான காசு போதும். சுலைமானோட அக்சே வாங்கிப் பாருங்க, பொடி வெள்ளி, முக்கால் கிராம் கூட வராது. எல்லாத்துலயும் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 926தான் இருக்கும், ஏன்னா அது அவர் பட்டத்துக்கு வந்த வருஷம், அடிச்ச வருஷம் இல்ல. வியன்னாவுக்கும் மால்டாவுக்கும் வந்தது அந்த ஒரே சுல்தானோட படை, அந்த ஒரு அக்சே ரெண்டு முற்றுகைக்கும் ஜோடி. ஃபமகுஸ்தாவுக்கு ரெண்டாம் செலீம், 974.

அப்புறம் நீங்க விட்ட ஒண்ணு. 1219 நவம்பர்ல ஐந்தாம் சிலுவைப் படை எகிப்துல டமியெட்டா துறைமுகத்த பிடிச்சதும், ஜெருசலேம் ராஜா ஜான் ஆஃப் பிரியென் அங்கயே தன் பேரும் டமியெட்டா பேரும் போட்டு கிரீடம் வச்ச முகத்தோட டெனியர் அடிச்சாரு. 1221ல ஊரு திரும்ப போயிடுச்சு. ரெண்டு வருஷம் கூட முழுசா நிக்காத ஆட்சிக்கு ஒரு காசு. முற்றுகைக் காசு இல்ல, ஆனா போர் இல்லாம அந்தக் காசே இல்ல. இதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

டொரான்டோ_செல்வி:
டமியெட்டாவ கண்டிப்பா சேர்ப்பேன். நான் சொன்னது வாங்குறப்ப தலைப்ப நம்பாதீங்கன்னுதான். ஊரு, ராஜா, டைப், எடை இதை மட்டும் பாருங்க, "போர்", "டெம்ப்ளர்", "சலாஹுத்தீன்"னு பெருசா போட்டிருக்கிற வார்த்தைக்கு காசு குடுக்காதீங்க.

இதே மாதிரி பிரான்ஸ், இத்தாலி ஊர்களோட சின்ன டெனியர்கள "சிலுவை வீரன் பையில இருந்தது"ன்னு விக்கிறாங்க. அதுல கொஞ்சம் உண்மை உண்டு. முதல் சிலுவைப் படையோட போன ரேமண்டுங்கிற பாதிரியார் படையில புழங்குன ஏழு ஊர் காசு எதுன்னு எழுதி வச்சிருக்காரு: புவாத்து, ஷார்த்ர், லெ மான், லூக்கா, வாலன்ஸ், மெல்கெய், லெ புய். இதுல வாலன்ஸும் லூக்காவும் நிறைய கிடைக்கும், விலையும் குறைவு. ஆனா இந்த டைப்லாம் நூறு வருஷத்துக்கு மேல மாறாம அடிச்சது, உங்க கையில வர்றது கிழக்க போன காசா, ஊர்ல மீன் வாங்குன காசான்னு யாராலயும் சொல்ல முடியாது.

மதுரை_மைனர்:
ஜெருசலேம் பக்கமே நிக்குறீங்களே, ஸ்பெயின்ல இதே கதை இன்னும் நீளமா நடந்திருக்கு. காஸ்தீல் ராஜா எட்டாம் அல்ஃபோன்சோ 1174ல தொலேதோவுல தங்க மொராபெத்தினோ அடிக்க ஆரம்பிச்சாரு. அதுவரைக்கும் முர்சியா பக்கம் ஆண்ட இப்னு மர்தனீஷோட தினார்தான் வடக்க ஓடிட்டு இருந்துச்சு, அவர் 1172ல செத்து மொராக்கோவ ஆண்ட அல்மொஹத் வம்சத்து கைக்கு ராஜ்யம் போனதும் அந்தத் தங்கம் நின்னு போச்சு, அந்த எடத்த நிரப்பத்தான் இது. முழுக்க அரபி எழுத்து. போப்ப "கிறிஸ்தவ சபையின் இமாம்"னு எழுதியிருக்கு! அல்ஃபோன்சோவுக்கு "கத்தோலிக்கர்களின் அமீர்"னு பட்டம். மேல ஒரு குட்டி சிலுவை, அடியில லத்தீன்ல அல்ஃப்னு மூணு எழுத்து, அவ்வளவுதான். 1212ல லாஸ் நாவாஸ் தெ தொலோசாவுல அல்மொஹத் படைய முறியடிச்சதும் இதே ராஜாதான்.

தங்கம் வேணாம்னா அல்மொஹத் சதுர திர்ஹம் இருக்கு, ஒன்றரை கிராம், மன்னர் பேரும் இல்ல, வருஷமும் இல்ல, கலிமாவும் வாசகமும் மட்டும். ரொம்ப மலிவு. தெற்கு பிரான்ஸ் கிறிஸ்தவ ஊர்கள்ல இதையும் காப்பி அடிச்சு வட ஆப்பிரிக்கா வியாபாரத்துக்கு அனுப்புனாங்க, பேரு மிலாரெஸ். அடிச்சவங்கள்ல ஒரு பிஷப்பும் உண்டு! 1266ல போப் நாலாம் கிளமென்ட் மாகெலோன் பிஷப்புக்கு கண்டிச்சு கடிதமே எழுதியிருக்காரு. ஒரு பிஷப்போட அக்கசாலையில நபியவங்க பேரு போட்ட வெள்ளி!

காயல்_கரை:
மைனர் சொன்ன சதுர திர்ஹத்த நான் யாருக்கும் முதல்ல கையில குடுப்பேன், அரபி எழுத்து பழக அதைவிட நல்ல காசு கிடையாது, எழுத்து வரிவரியா சுத்தமா இருக்கும்.

காப்பி ஒரு பக்கம் மட்டும் நடக்கலைங்கறதயும் சொல்லணும். இப்ப துருக்கியில இருக்கிற மார்தீன் பக்கம் ஆண்ட அர்துக்கி துருக்கியர்களோட செம்பு திர்ஹம் பாருங்க, பத்து பன்னெண்டு கிராம், கனமா பெருசா இருக்கும், அதுல பைசாந்திய காசுல இருந்து எடுத்த மரியம் பேரரசருக்கு முடி சூட்டுற படம், இயேசு அமர்ந்திருக்கிற படம்லாம் இருக்கு, சுத்தி அரபியில முஸ்லிம் அமீர் பேரு. இன்னொரு துருக்கிய வம்சமான தானிஷ்மந்தி மாலிக் முஹம்மது கிரேக்க எழுத்துலயே தன் பேர அடிச்சாரு. ஹிஜ்ரி 589ல அர்துக்கி மன்னர் யூலுக் அர்ஸ்லான் அடிச்ச ஒரு செம்புல நாலு உருவம் துக்கத்துல நிக்கிற மாதிரி காட்சி இருக்கும், அந்த வருஷம்தான், அதாவது 1193ல, சலாஹுத்தீன் மவுத்தானாரு, அதுக்குத்தான் அந்தக் காட்சின்னு சேகரிக்கிறவங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. படம் பாத்தா நம்பத்தான் தோணுது. இதெல்லாம் எடைக்கும் அழகுக்கும் விலை கம்மி, வெள்ளிக்காசு அண்ணே, தவற விடாதீங்க.

அந்தப் பக்கம் அந்தியோகியாவுல சிலுவைப் படைத் தலைவர் டான்க்ரெட் 1101க்கு அப்புறம் விட்ட செம்பு ஃபோலிஸ் ஒண்ணுல, வாள் பிடிச்ச தாடிக்காரர், தலையில தலைப்பாகை மாதிரி ஒண்ணு. தலைப்பாகையா, மணி வச்ச கிரீடமான்னு இன்னிக்கும் சண்டை போடுறாங்க. எழுத்து கிரேக்கம், "ஆண்டவரே, உம் ஊழியன் டான்க்ரெடுக்கு உதவும்"னு. நார்மன் வீரன், கிரேக்க எழுத்து, கிழக்கத்தி உடை. நிறைய பழைய செம்புக் காசு மேலயே திரும்ப அடிச்சதால ரெண்டு படமும் கலந்து தெரியும், அதனால படம் பாத்து வாங்குறது கஷ்டம், கையில வச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாக்கணும்.

பினாங்கு_மணி:
நம்ம கடல் பக்கமும் ஒரு கிளை இருக்குங்க. 1510ல போர்ச்சுகீஸ் தளபதி அல்புகெர்க் பிஜப்பூர் சுல்தான் கிட்ட இருந்து கோவாவ பிடிச்ச கையோட அங்கயே தங்கம், வெள்ளி, செம்புன்னு காசு அடிச்சாரு, வான உருண்டைக் கருவியும் கிறிஸ்து சபைங்கிற போர்ச்சுகீஸ் வீரர் சபையோட சிலுவையும் போட்டு. அடுத்த வருஷம் மலாக்கா சுல்தானகம். எங்க ஊரு பக்கம் ஈயம் தகரம்தானே அதிகம், அதனால அங்க தகரத்துல காசு. மலாக்கா ஆத்து முகத்துவாரத்துல இந்தத் தகரக் காசும் அதுக்கு முந்தின சுல்தான் காலத்து தகரக் காசும் நிறைய கிடைச்சிருக்கு. போர்ச்சுகீஸ்காரங்க மூர்களோட (முஸ்லிம்கள அப்படித்தான் சொல்லுவாங்க) சண்டைன்னு சொல்லிட்டே வந்தது மொராக்கோவுல ஆரம்பிச்சு இங்க வரைக்கும் ஒரே நூல்தான். தகரம் பொடியா உதிரும், ஈரம் பட விடாதீங்க.

டொரான்டோ_செல்வி:
இப்ப முக்கியமான ஒண்ணு, இதை யாரும் சொல்லல. சிரியா. நாம பேசுற காசுல பாதி அந்த மண்ணுல இருந்து வர்றது. 2011க்கு அப்புறம் அங்க அபாமியா, துரா யூரோபோஸ் மாதிரி இடங்கள குழி குழியா தோண்டி எடுத்துட்டாங்க, செயற்கைக்கோள் படத்துல நிலவுல பள்ளம் இருக்கிற மாதிரி தெரியுது. 2015 பிப்ரவரியில ஐ.நா பாதுகாப்பு கவுன்சில் 2199ம் தீர்மானம் போட்டு, 2011 மார்ச் 15க்கு அப்புறம் சிரியாவுல இருந்து வெளிய போன பழம்பொருள் வியாபாரத்துக்கு தடை சொல்லியிருக்கு. நாம சேர்க்கிற காசு நம்ம காலத்துப் போர் எதுக்கும் பணமா போயிடக் கூடாது, இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். பழைய சேகரிப்பாளர் பேரு, பழைய ஏலப் பட்டியல், பழைய டீலர் டிக்கெட், ஏதாவது ஒண்ணு 2011க்கு முந்தி இருக்கணும். மண்ணு ஒட்டிக்கிட்டு மொத்தமா "சிரியா, லெபனான் லாட், சுத்தம் செய்யாதது"ன்னு வந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதீங்க.

கரிசல்காட்டான்:
செல்வி அக்கா, இதுதான் எனக்கு உறுத்திட்டு இருந்தது, சொல்லத் தெரியல. காயல் பாய் சொன்னதும் மனசுல ஏறுச்சு. ஒரு சந்தேகம், வெளிநாட்டுல வாங்கி இங்க கொண்டு வந்துட்டு பிடிக்கலன்னா திரும்ப வெளிநாட்டு ஏலத்துல போட முடியுமா?

தோஹா_தமிழன்:
முடியாது தம்பி. 1972 பழம்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழசான காசு ஆன்டிக்விட்டி கணக்கு, தனி ஆள் ஏற்றுமதி பண்ண வழி இல்ல. உள்ள வந்தா உள்ளயே இருக்குன்னு நினைச்சுத்தான் வாங்கணும்.

அப்புறம் கழுவுறது பத்தி. நம்ம ஆளுங்க புளி, எலுமிச்சை, விபூதின்னு தேய்க்க ஆரம்பிச்சிடுவாங்க. பில்லன் காச அப்படி பண்ணவே பண்ணாதீங்க. மேல இருக்கிற மெல்லிசான வெள்ளி போயி அடியில செம்பு சிவப்பா பல்லக் காட்டும், அதுக்கப்புறம் அந்தக் காசுக்கு உயிர் இல்ல. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப் போட்டு மெத்துன்னு துணியால ஒத்தி எடுத்தா போதும். பிவிசி கவர் வேணாம், பச்சை பூத்திடும். மெட்ராஸ் காத்துக்கு டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

போலிய கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, ஒரே டீலர் கிட்ட ஒரே மாதிரி ரெண்டு மூணு இருந்தா பக்கத்துல வச்சுப் பாருங்க. கையால அடிச்ச காசுல நடு விலகறதும் ஓரம் வெடிக்கறதும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. ஒரே எடத்துல ஒரே வெடிப்பு ரெண்டு காசுல இருந்தா அது அச்சுல வார்த்தது. பூதக்கண்ணாடியில பொடிப் பொடியா காத்துக் குமிழி, விளிம்புல ரம்பம் போட்டு ராவின கோடு, இதெல்லாம் பாருங்க. தராசு இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க.

வெள்ளிக்காசு:
எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன். ஹெல்மெட் டெனியர், பைபர்ஸ் சிங்கம், அர்துக்கி செம்பு ஒண்ணு, அல்மொஹத் சதுரம், மால்டா தாரி கூட சுலைமான் அக்சே. காகிதம் இல்லாத காசு எதுவும் கிடையாது.

இன்னொண்ணு. சலாஹுத்தீன் டமாஸ்கஸ் திர்ஹம் ஒண்ணு, வட்டத்துக்குள்ள சதுரம் டைப், 1990கள்ல வாங்கினதுன்னு டீலரோட பழைய டிக்கெட் இருக்கு, எடை 2.9 கிராம். அவர் ஹிஜ்ரி 583ன்னு சொல்றாரு, அதாவது ஹத்தீன்ல ஜெயிச்சு ஜெருசலேம எடுத்த அதே 1187, அதனால விலை ரெண்டு மடங்கு கேக்குறாரு. வருஷம் எண்ணுல இல்ல, எழுத்துல இருக்கு, பாதி ஓரத்துக்கு வெளிய போயிடுச்சு. படம் போட்டிருக்கேன், காயல் பாய் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

காயல்_கரை:
பாத்தேன் அண்ணே. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல இருக்கிற துண்டுலதான் ஊரும் வருஷமும். அரபியில முதல்ல ஒத்தை எண், அப்புறம் பத்து, அப்புறம் நூறு. நூறும் பத்தும் நல்லா தெரியுது, ஐந்நூறு, எண்பது, சந்தேகம் இல்ல. பிரச்சனை ஒத்தை எண்ணுல. மூணுக்கு "சலாஸ்", எட்டுக்கு "சமான்", புள்ளி போடாத எழுத்துல ரெண்டுக்கும் தொடக்கம் ஒரே மாதிரி. எட்டுன்னா அந்த வார்த்தையோட முன்பாதி பக்கத்துல இருக்கிற "எண்பது" வார்த்தையோட முன்பாதி மாதிரியே இருக்கணும், மீம் எழுத்தோட உருண்டை தெரியணும். மூணுன்னா அந்த எடத்துல லாம் எழுத்து நெட்டையா நிக்கும். படத்துல அந்த எடத்துல எனக்கு உருண்டை மாதிரிதான் தெரியுது, ஆனா அங்க ஒரு அழுக்கும் இருக்கு. டீலர் கிட்ட வெளிச்சத்த பக்கவாட்டுல விட்டு அந்த ஓரத்த மட்டும் பெருசா படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அது வர்ற வரைக்கும் 583க்கான விலைய குடுக்காதீங்க.

கரிசல்காட்டான்:
588ன்னா 1192 தானே பாய், ரிச்சர்டும் சலாஹுத்தீனும் ஜாஃபாவுல ஒப்பந்தம் போட்ட வருஷம்?

காயல்_கரை:
ஆமா தம்பி, 1192 செப்டம்பர், ஹிஜ்ரி 588தான். கடற்கரை ஊர்கள் அவங்க கிட்ட, ஜெருசலேம் இவங்க கிட்ட, கிறிஸ்தவ யாத்ரீகர்கள் ஆயுதம் இல்லாம வந்து போகலாம்னு முடிவாச்சு.

கரிசல்காட்டான்:
வெள்ளிக்காசு அண்ணே, எட்டா இருந்தா விடாதீங்க, சாதா விலைக்கு பேசி வாங்கிடுங்க. உங்களுக்கு வேணாம்னா எனக்கு சொல்லுங்க, நான் எடுத்துக்கிறேன்.